வால்வு இருக்கும் தூரம்

என் அக்கா பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட "பயமா இருக்கு" என்று சொன்னதில்லை. இந்தக் கூத்து அத்தனைக்கும் காரணம் அதுதான். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருந்தால் மாமா வாளி சுமந்து முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார். நானும் தலை நிறைய நுரையோடு குழாயைத் திட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

அக்கா பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். வகுப்பில் உட்கார்ந்து பாடம் எடுத்ததே கிடையாது. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டேதான் மலையையும் ஆற்றையும் சொல்லித் தருவாள். அப்படிப்பட்டவள் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். தையல் கொஞ்சம் கோணல்தான். நான் தையற்கடை வைத்திருப்பவள், என் கண்ணுக்கு அது தப்பாது. கடையை வேலை செய்யும் பெண்களிடம் விட்டுவிட்டு அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்தேன்.

எலும்பு ஒழுங்காகச் சேர்ந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "இனி தாராளமா நடக்கலாம்" என்றார். அக்கா கட்டிலை விட்டு இறங்கவில்லை. சக்கர நாற்காலியில்தான் குளியலறைக்குப் போவாள், அதுவும் நான் தள்ளினால்தான். வாங்கி வைத்த வாக்கர் மூலையில் நின்று துண்டு காயப்போட உதவியது. அடுத்த தடவை போனபோது டாக்டர் சிரிக்கவில்லை. "இன்னும் படுத்தே இருந்தீங்கன்னா கால் அப்படியே இறுகிப் போயிடும். அப்புறம் நீங்க நினைச்சாலும் நடக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பிசியோ பெண் வர ஆரம்பித்தாள். முதல் நாளே அக்காவின் கையைப் பிடித்து, "ரெண்டு அடி வைக்கலாமா மேடம்?" என்றாள்.

"இந்தத் தரையிலயா? இது தரையா, கண்ணாடியா? இதுல எல்லாம் நான் கால் வைக்க மாட்டேன்மா. புல்தரையா இருந்தா சொல்லு, நடக்கறேன். விழுந்தாலும் அடிபடாது."

எங்கள் வீட்டில் புல் ஏது? முன்பக்கம் வெறும் மண்ணும் உடைந்த தொட்டிகளும்தான். ஆகாத காரியத்தைச் சொல்லித் தப்பிப்பது எங்கள் குடும்பத்துக்கே கைவந்த கலை. ஆனால் அப்போது டீயோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்த மாமாவை அக்கா கவனிக்கவில்லை.

மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அக்கா எதைச் சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்கிற பிறவி. கல்யாணமான புதிதில் அவள் ஏதோ கோபத்தில், "இந்த வீட்ல மனுஷன் மூச்சு விட முடியுமா?" என்று கேட்டாளாம். மறு வாரமே சுவரை இடித்துப் பெரிய ஜன்னல் வைத்தவர். அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் இப்போது அக்காவின் கட்டில்.

மறுநாள் காலை உடைந்த தொட்டிகள் போயின. அதற்கடுத்து மண் வந்தது, எரு வந்தது, பாய் மாதிரி சுருட்டிய புல் வந்தது. கடைசியாக ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் ஸ்பிரிங்க்ளர் வந்தது. அதோடு வந்த புத்தகத்தை மாமா பரீட்சைக்குப் படிப்பதுபோல் அடிக்கோடு போட்டுப் படித்தார். மண்ணுக்குள் குழாய் பதித்து, புல்லுக்கு நடுவே அங்கங்கே ஸ்பிரிங்க்ளரின் தலைகளைப் புதைத்தார். தண்ணீர் வேகமாக வந்தால் அவை தாமாகவே மண்ணிலிருந்து எழும்பி, சுற்றிச் சுற்றித் தெளிக்கும். வேகம் இல்லையென்றால் எழும்பாது.

முதல் நாள் எல்லாம் ஒன்றாக எழும்பின. தண்ணீர் வில்லாக வளைந்து புல் முழுக்க விழுந்தது. மாமா கைதட்டினார். நான்கூட கைதட்டிவிட்டேன். மாமா ஜன்னலண்டை ஓடி, "பாத்தியா? சீக்கிரமே வேர் பிடிச்சிடும். அப்புறம் நீ நடக்கலாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

அக்கா சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெயில் கண்ணைக் கூசுது, அந்தத் திரையை இழுத்து விடுடி" என்றாள். நானும் இழுத்துவிட்டேன். என்னை மாதிரி ஒரு மக்கு இருக்க முடியுமா?

அதற்குள் கேடு வந்துவிட்டது. மறுநாள் காலை ஸ்பிரிங்க்ளர் எழும்பவில்லை. தூங்குகிறவன் வாயோரம் எச்சில் வழிவதுபோல் தண்ணீர் வழிந்தது, அவ்வளவுதான். அதற்கடுத்த நாளும் அப்படியே.

மாமா தளர்கிறவரா? வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். தலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். "எல்லாம் ஒண்ணா ஓடினா வேகம் பத்தாது" என்று பாதியை அடைத்துப் பார்த்தார். மீதிப் பாதியும் அதே மாதிரி வழிந்தது. பிறகு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. காலையில் ஸ்பிரிங்க்ளர் ஓடும் நேரத்தில் யாரும் எந்தக் குழாயையும் திறக்கக்கூடாது. அது மட்டுமா, நான் வேறு வெளியே வந்து ஸ்க்ரூடிரைவரோடு நிற்க வேண்டும், எந்தத் தலை எவ்வளவு எழும்புகிறது என்று குனிந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

"எழும்புச்சா?"

"இல்ல மாமா."

"கொஞ்சம்கூடவா?"

"எட்டிப் பாத்துட்டு, நம்ம மூஞ்சியைக் கண்டதும் உள்ள போயிடுச்சு மாமா."

தண்ணீர் ஆபீசுக்குப் போன் போட்டார். தெருக்குழாயில் அழுத்தம் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பிளம்பரைக் கூட்டி வந்தார். அவர் வந்தது மதியம். குழாயில் ஒரு வட்டமான மீட்டரை மாட்டிப் பார்த்தார். வீட்டின் பின்புறம், துணி துவைக்கிற இடத்தில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் வால்வையும் பார்த்தார். முழுசாகத் திறந்துதான் இருந்தது. ஸ்பிரிங்க்ளரைப் போட்டார். அத்தனையும் ஜம்மென்று எழும்பி நின்றன.

"சூப்பரா இருக்கே சார். இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

"காலைல வந்து பாருங்க!"

"காலைல எனக்கு வேற வீடு இருக்கு சார்" என்று அவர் போய்விட்டார்.

"அப்படின்னா சாயங்காலம் விடறேன்" என்று மாமா நேரத்தை மாற்றினார். மாற்றியதை அக்காவிடம் போய் விளக்கமாகச் சொல்லவும் செய்தார். சாயங்காலமும் வழிசல்தான். மதியம் விட்டால் புல் வெந்துவிடும் என்று புத்தகத்தில் போட்டிருந்ததால் மறுபடி காலைக்கே வந்தார். புல் ஓரங்களில் பழுக்க ஆரம்பித்தது. கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினார். நான் வாளியைப் பிடுங்கப் போனால் விடமாட்டார். "வேர் பிடிக்கறவரைக்கும்தாம்மா. அவ நடக்கறேன்னு சொல்லியிருக்கா" என்பார். ஊருக்கே கண் பார்த்துக் கண்ணாடி போட்டுவிடுகிற மனுஷருக்குத் தன் வீட்டில் நடப்பது தெரியவில்லையே என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு மட்டும் தெரிந்ததா?

இதற்கிடையில் பிசியோ பெண் ஒரு நாள் அக்காவின் தொடையை அழுத்திப் பார்த்து வியந்தாள். "படுத்துக்கிட்டே செய்யற பயிற்சிக்கே இவ்வளவு பலம் வந்திருக்கு மேடம்! எனக்கே ஆச்சரியமா இருக்கு."

"நீ நல்லா சொல்லித் தர்றேல்ல, அதான்" என்றாள் அக்கா. என் அக்கா யாரையும் சும்மா பாராட்டுகிறவள் இல்லை. அங்கேயாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு நாள் காலை, சட்டமாவது ஒன்றாவது என்று தலைக்குக் குளிக்கப் போய்விட்டேன். மாமா வெளியே தனியாகக் கத்திக்கொண்டிருந்தார். தலையில் நுரை பொங்கி வந்த நேரத்தில் ஷவர் நூலாக இளைத்து, சொட்டாகி நின்றது. கண்ணில் நுரை. திட்ட வேண்டியவர்களை எல்லாம் வரிசையாகத் திட்டி முடித்தேன். பிறகு, ஸ்பிரிங்க்ளர் நேரம் முடிந்ததும், யாரோ கதவைத் திறந்துவிட்டதுபோல் தண்ணீர் என் தலையில் கொட்டியது. இது தெருக்குழாயில் வரும் கோளாறு இல்லை, யாரோ திருப்புகிறார்கள் என்று அந்த நிமிஷம் எனக்கு உறைத்தது.

துண்டைச் சுற்றிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன். கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். லேசாக மூச்சு வாங்கியது.

"என்னக்கா, வேர்த்திருக்கு?"

"கனவு."

போர்வையை மடிக்கும்போது என் கண் நைட்டியின் ஓரத்துக்குப் போனது. கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும், தொழில் அப்படி. நான் கையால் மடித்துத் தைத்துக் கொடுத்த ஓரம், ஒரு சாண் உயரத்துக்கு ஈரமாக இருந்தது. சோப்புத் தூள் வாசனை வேறு. கட்டிலை விட்டு இறங்காதவளின் நைட்டி எப்படி நனையும்? எங்கள் வீட்டில் எப்போதும் ஈரமாகக் கிடக்கும் இடம் ஒன்றுதான், துணி துவைக்கிற இடம்.

போர்வையை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். மறுநாள் காலை ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு சத்தமாகக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனேன். அப்படியே சுவரோரமாகப் பின்பக்கம் சுற்றி வந்து, துணி துவைக்கிற இடத்து ஜன்னலண்டை நின்றேன்.

அக்கா நடந்து வந்தாள்.

வாக்கர் இல்லை, பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. மாமாவின் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவியபடி, தரையைத் திட்டிக்கொண்டே வந்தாள். "வழுக்கு, வழுக்கிப் பாரு" என்று தரையை மிரட்டினாள். வாஷிங் மெஷினில் இரண்டு கையையும் ஊன்றி நின்று மூச்சு வாங்கினாள். பிறகு குனிந்து வால்வைத் திருப்பினாள். முழுசாக மூடினால் சந்தேகம் வரும் என்று கொஞ்சம் மீதி வைத்தாள் பாருங்கள், டீச்சர் மூளை! முகம் வெளுத்துப்போயிருந்தது. திரும்பி நடக்க வேண்டுமே என்ற பயம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. நான் பிறந்ததிலிருந்து அந்த முகத்தில் பார்க்காத பயம்.

எனக்கு வந்த கோபத்துக்கு ஜன்னலை உடைத்திருப்பேன். மாமா முதுகு என்ன ஆகிறது, என் கடை என்ன ஆகிறது, இவள் தண்ணீரை மூடி விளையாடுகிறாளா? புல் வளர்ந்துவிட்டால் எல்லார் முன்னாலும் நடக்க வேண்டும், அதற்குப் பயந்துகொண்டு புல்லையே கொல்லப் பார்க்கிறாள். கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். வாயில் அழுகைதான் வந்தது. புல் வளராமல் தடுக்கக் காலையில் போக ஒரு நடை, வர ஒரு நடை, பிறகு திறந்துவிடப் போக வர இன்னொன்று. நடக்க மாட்டேன் என்பதற்காகத் தினம் இவ்வளவு நடந்திருக்கிறாள் பைத்தியக்காரி.

முன்பக்கம் ஓடி மாமாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அக்கா வால்வைத் திறந்துவிட இரண்டாம் தடவை வந்த நேரத்துக்குச் சரியாக ஜன்னலில் நிறுத்தினேன். மாமா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன்.

"நடக்கறாம்மா" என்றார். அவர் குரல் உடைந்துவிட்டது.

"வால்வை மூடறா மாமா! இத்தனை நாளா!"

"அது கிடக்குது. நடக்கறா பாரு."

"போய்க் கேளுங்க!"

"கேட்டா நின்னுடுவா." முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு அந்த மனுஷர் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்காவைவிட ஒரு படி மேலே யோசிக்க அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது.

பிளம்பர் மறுபடி வந்தார். மாமா சொன்ன வேலையைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார். பழைய வால்வின் கைப்பிடியைக் கழற்றிவிட வேண்டும். தோட்டத்துக்குத் தனியாக ஒரு வால்வு வேண்டும். அது புல்தரையைத் தாண்டி, அந்தப் பக்கக் காம்பவுண்டுச் சுவர் மூலையில் இருக்க வேண்டும்.

"சார், வால்வை யாராவது அங்க வைப்பாங்களா? குழாயை அந்த மூலை வரைக்கும் கொண்டுபோய், திரும்ப இங்க கொண்டு வரணுமே. கைக்கு எட்டற மாதிரி வாசப்படி பக்கத்துல வெச்சுத் தர்றேன்."

"அந்த மூலைதான் வேணும்."

"அவசரமா மூடணும்னா அங்க ஓடணும் சார்."

"ஓட வேணாம். நடந்தா போதும்" என்றார் மாமா.

அன்று மாலை அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பழைய வால்வில்தான் கோளாறு இருந்திருக்க வேண்டும் என்றும், இப்போது மூலையில் புதிது போட்டாகிவிட்டது என்றும் விளக்கினார். அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பது நின்றது.

"எந்த மூலை?"

"அந்தக் கடைசி மூலை. புல்லைத் தாண்டி."

"ஓ" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, அடுப்பில் ஏதோ வைத்ததுபோல் எழுந்து ஓடினேன்.

அதன்பிறகு ஸ்பிரிங்க்ளர் தினமும் எழும்பியது. சோர்ந்து கிடந்த புல் நிமிர்ந்து பச்சை கட்டியது. அக்காவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. "இன்னிக்கு எழும்புச்சா?" என்று கேட்பாள். எழும்பியது என்றால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். பாவமாக இருந்தது, சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். மாமா விடவில்லை. புல் நன்றாக வேர் பிடித்ததும், "நாளை மறுநாள் பிசியோ பொண்ணை வரச் சொல்லியிருக்கேன். புல்லுல நடக்கலாம்" என்றார். அக்கா தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை, கடைக்குப் போவதாக மாமாவும் காய்கறி வாங்கப் போவதாக நானும் கிளம்பி, வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக் காருக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஸ்பிரிங்க்ளர் ஓடிக்கொண்டிருந்தது. வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கால் மரத்துவிட்டது.

பிறகு முன்கதவு திறந்தது.

அக்கா படியில் நின்றாள். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். நைட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலைப் புல்லில் வைத்தாள். பிறகு இன்னொன்று. பிடித்துக்கொள்ள அங்கே சுவர் இல்லை. அதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள் போலிருக்கிறது, நடுவில் நின்றுவிட்டாள். சுற்றி வந்த தண்ணீர் முகத்தில் அடித்தது. "ஐயோ" என்று கையைத் தூக்கினாள், கால் தடுமாறியது.

மாமா பாய்ந்தார். நான் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன், பித்தான் தெறித்தது. அதற்குள் அக்கா விழுந்துவிட்டாள்.

விழுந்தாள் என்பதைவிட, தொப்பென்று உட்கார்ந்தாள். அப்படியே இருந்தாள். ஸ்பிரிங்க்ளர் பாட்டுக்குச் சுற்றி அவளை நனைத்துக்கொண்டிருந்தது. அவள் கையால் புல்லை மெதுவாகத் தடவினாள். கட்டிலைத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டினாள். பிறகு யாரிடமோ சொல்வதுபோல், "வலிக்கலை" என்றாள்.

மாமா அழுதுவிட்டார். சத்தம் கேட்டுவிட்டது.

"காருக்குப் பின்னாடி யாரு? ரெண்டு பேரும் வாங்க வெளிய."

வகுப்பில் கடைசி பெஞ்சைக் கூப்பிடும் குரல். போனோம். மாமா கையை நீட்டினார். அக்கா அந்தக் கையைப் பார்த்தாள், பிடிக்கவில்லை. மண்டி போட்டு, புல்லில் கையை ஊன்றி, முனகி, தானாகவே எழுந்து நின்றாள். தலையிலிருந்து கால் வரை சொட்டச் சொட்ட எங்கள் இருவரையும் முறைத்தாள்.

"வால்வை யாராவது அங்க வைப்பாங்களா?"

"நீதானே சொன்னே, புல்லுன்னா நடக்கறேன்னு" என்றார் மாமா.

"அப்ப எல்லாம் தெரியுமா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அக்கா நனைந்த தலைமுடியைப் பிழிந்தாள். அப்புறம், எனக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தி, "பயமா இருந்துச்சுங்க" என்றாள். எனக்கு நன்றாகவே கேட்டது.

வந்த வேலையை விடுகிறவளா அவள்? திரும்பி மீதித் தூரத்தையும் நடந்தாள். மெதுவாக, நின்று நின்று, மூலை வரை. குனிந்து வால்வை மூடினாள். ஸ்பிரிங்க்ளர்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. சத்தம் அடங்கியது. அக்கா நிமிர்ந்து, தான் வந்த வழியைப் பார்த்தாள். ஈரப் புல்லில் அவள் காலடிகள் அமுங்கித் தெரிந்தன. மாமா இன்னும் அதே இடத்தில் நனைந்துபோய் நின்றுகொண்டிருந்தார்.

"இந்தப் பக்க ஓரம் இன்னும் காஞ்சுதான் கிடக்குது" என்றாள். குனிந்து வால்வை மறுபடி திறந்தாள், இந்தத் தடவை முழுசாக.